ஓணானுக்கு ஹீட்டரா? கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டைப் பிடித்துவைப்பது எப்படி

"ஏன்டா, ஓணானுக்குப் போய் ஹீட்டர் போடுவாங்களா?"

2022 குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா கேட்ட இந்தக் கேள்விக்கு, கிழக்கு லண்டனில் இருக்கும் என் நண்பனிடம் பதில் இல்லை. அவனுடைய வாடகை அறையின் மூலையில் நாலு அடி நீளக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு பியர்டட் டிராகன். பெயர்தான் டிராகன். பார்த்தால் நம்ம ஊர் வேலியில் தலையாட்டிக்கொண்டு நிற்கும் ஓணான் கொஞ்சம் சதைபோட்டு, கழுத்தில் முள்தாடி வளர்த்த மாதிரி இருக்கும். உண்மையில் சொந்தம்தான், இரண்டும் 'அகமிடே' என்ற ஒரே குடும்பம்.

நாலு நாளாக அது எதையும் சாப்பிடவில்லை. உடம்பு கறுத்துப்போய், விளக்குக்குக் கீழேயே தட்டையாகக் கிடந்தது. இன்னொரு பக்கம் கரண்ட் பில். பிரிட்டனில் அந்த அக்டோபரிலிருந்து வீட்டு மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 34 பென்ஸ். 100 வாட் விளக்கு ஒன்று தினமும் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 36 யூனிட், அதாவது 12 பவுண்டுக்கு மேல். "பெரிய பல்பு போட்டா பில் எகிறிடும், போடலைன்னா இது செத்துடும்போல" என்று என்னிடம் புலம்பினான்.

கால்நடை மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. "பெட்டிக்குள் எந்த இடத்தில் எத்தனை டிகிரி?" என்றுதான் முதலில் கேட்டார். இவன் பெருமையாக "முப்பது" என்றான். அந்த முப்பது, விளக்கு இருக்கும் பக்கம் கண்ணாடியின் மேல்பகுதியில் ஒட்டியிருந்த முள் தெர்மாமீட்டர் காட்டியது. மறுநாள் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி அளந்து பார்த்தால், விளக்குக்கு நேர்கீழே இருந்த கல்லில் 33 டிகிரி. எதிர்முனைத் தரையில் 19. அந்த விலங்குக்குத் தேவையானது விளக்கின் கீழே 40-ஐ ஒட்டிய சூடு.

கடைசியில் பெரிய பல்பு வாங்கவே இல்லை. அதே 100 வாட் விளக்கில் கல் 40 டிகிரிக்கு வந்தது. பெட்டியிலிருந்து சூடு எந்த வழியாக வெளியே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அடைத்ததுதான் அவன் செய்த வேலை.

முதலில் ஒரு திருத்தம்: அதன் ரத்தம் குளிர்ந்தது இல்லை

பள்ளிக்கூடத்தில் 'குளிர் ரத்தப் பிராணி' என்று படித்தோம். அந்தச் சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வெயில் காய்ந்து முடித்த பியர்டட் டிராகனின் உடல் வெப்பம் 35, 36 டிகிரி வரை இருக்கும். கிட்டத்தட்ட நம்ம உடம்பின் அளவு. வித்தியாசம் என்னவென்றால், நாம் அந்தச் சூட்டைச் சாப்பாட்டிலிருந்து உள்ளேயே தயாரிக்கிறோம். ஊர்வன அதை வெளியிலிருந்து வாங்குகின்றன.

வாங்க முடியாமல் போனால் என்ன ஆகும்? செரிமானம், நோய் எதிர்ப்பு, தசைகளின் வேகம் எல்லாமே வெப்பநிலையோடு கட்டப்பட்டவை. உடம்பு குளிர்ந்திருக்கும்போது வயிற்றுக்குள் போன தீனி செரிக்காமல் கிடக்கும். அதனால்தான் சாப்பாட்டையே மறுக்கிறது. உடம்பு கறுப்பதும் அதே காரணத்துக்குத்தான்: கருநிறம் சூட்டை அதிகமாக உறிஞ்சும் என்பதால் இந்த ஓணான்கள் குளிரும்போது தோலைக் கருமையாக்கிக்கொள்கின்றன. மாறாக, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமான சூடு கிடைத்துவிட்டது என்று பொருள். (வளர்ந்த பியர்டட் டிராகன்கள் குளிர்காலத்தில் இயல்பாகவே சில வாரங்கள் தூங்கி வழிவதும் உண்டு. அதுவா, குளிரில் வதங்குவதா என்று நாமாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.)

இவற்றின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். பகலில் பாறை கொதிக்கும், ராத்திரி நன்றாகவே குளிரும். லண்டன் அறையில் வீட்டுக்காரர் டைமர் வைத்து ஹீட்டரை அணைத்துவிட்டால், பகலிலேயே 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த அறைக்குள் ஒரு சின்ன ஆஸ்திரேலியாவை 24 மணி நேரமும் காப்பாற்றுவது என்றால் சும்மாவா?

சூடு முதலில் மேலே ஓடும்

நண்பனின் பெட்டிக்கு மேல்மூடி முழுக்கக் கம்பி வலை. மீன் தொட்டியிலிருந்து பிறந்த வடிவம் இது. கண்ணாடித் தொட்டி, மேலே ஒரு வலை மூடி, அதன்மேல் விளக்கு. பார்க்க அழகு, சுத்தம் செய்ய எளிது. ஆனால் சூட்டைப் பொறுத்தவரை இது கூரையில்லாத வீடு.

சூடான காற்று லேசானது, மேலே போகும். வலை வழியாக அது வெளியேறியதும் அந்த இடத்தை நிரப்ப அறையின் குளிர்ந்த காற்று வலையின் மறுபக்கம் வழியாகவே உள்ளே இறங்கும். விளக்கு எரியும் நேரம் முழுக்க இந்தச் சுழற்சி நடக்கும். விளக்குக் கூட்டின் மேல்பக்கம் வழியாகப் போகும் சூடு வேறு தனிக்கணக்கு. அறையில் ஈரப்பதம் வைத்து வளர்க்க வேண்டிய பால் பைத்தான் மாதிரிப் பாம்புகளுக்கு இந்த மூடி இன்னும் மோசம். சூட்டோடு சேர்ந்து ஈரமும் போய்விடும்.

நண்பன் செய்தது இதுதான். பசுமைக்குடில் கூரைக்குப் போடும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகட்டை அளவாக வெட்டி, வலையின் மூன்றில் இரண்டு பங்கை மூடினான். விளக்கைச் சுற்றி ஒரு சாண் இடத்தைத் தொடவே இல்லை. குளிர்ந்த முனையில் ஒரு பட்டை அளவுக்குத் திறந்து விட்டான், காற்று மாறுவதற்காக. ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது. மறுநாள் மதியம் எதிர்முனையில் 19 இருந்தது 22 ஆனது.

இங்கதான் பலர் கோட்டை விடுறாங்க, இரண்டு விஷயத்தில். ஒன்று, துணியையோ அட்டையையோ விளக்கை ஒட்டிப் போட்டு மூடுவது. அது தீப்பிடிக்க அழைப்பு வைப்பதற்குச் சமம். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாத தவறு. பியர்டட் டிராகனுக்குச் சூடு மட்டும் போதாது, எலும்பு வலுவுக்கு புற ஊதா-பி கதிரும் வேண்டும். அதற்கென்று தனிக் குழல் விளக்கு உண்டு. சாதாரணக் கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். வெளிச்சம் உள்ளே வரும், கதிர் வராது. நெருக்கமான கம்பி வலைகூட அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அதனால் அந்தக் குழலை மூடிக்குக் கீழே, பெட்டிக்குள்ளேயே பொருத்திவிட்டுப் பிறகு மேலே மூடுவதுதான் பாதுகாப்பு. சூட்டைக் காப்பாற்றப் போய் எலும்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணாடியா, மரமா, தெர்மாகோலா?

பிரிட்டனில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டியைவிட, மரப்பலகையில் செய்து முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டிகளைத்தான் ஊர்வன வளர்ப்பவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும்.

சூட்டைக் கடத்தும் வேகத்தில் கண்ணாடியை 1 என்று வைத்தால் மரப்பலகை சுமார் 0.13, கட்டுமானத்துக்குப் பயன்படும் அடர்த்தியான நுரைப்பலகை சுமார் 0.033. அதாவது ஒரே தடிமனில் பார்த்தால் நுரையைவிடக் கண்ணாடி 30 மடங்கு வேகமாகச் சூட்டை வெளியே விடும். ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி தடுக்கும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதன் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய காற்றுப் படலம்தான் ஏதோ கொஞ்சம் தடுக்கிறது. நாலு மில்லியை எட்டு மில்லியாக்கினாலும் பெரிய மாற்றம் வராததற்கு இதுதான் காரணம். சட்டைக்குள் பனியன் போட்டால் குளிர் அடங்குவது துணியால் அல்ல, நடுவில் மாட்டிக்கொண்ட காற்றால். இங்கேயும் அதே கதை.

இப்போது நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் சேர்த்து 3.6 சதுர மீட்டர். அறை 18 டிகிரி, பெட்டிக்குள் சராசரி 28 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 10. முழுக்கக் கண்ணாடி என்றால், மூடியும் கண்ணாடிதான் என்று வைத்துக்கொண்டாலும், தோராயமாக 137 வாட் சூடு இடைவிடாமல் வெளியேறும். 100 வாட் விளக்கு இந்தப் பந்தயத்தில் ஜெயிக்கவே முடியாது. சராசரியை ஏழு டிகிரி உயர்த்துவதோடு அது திணறி நின்றுவிடும். நண்பனின் ஓணானுக்கு நடந்தது இதுவேதான், அவனுக்கு மூடியும் வலை என்பதால் இன்னும் கூடுதலாக.

பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் ஆகிய நான்குக்கும் 25 மில்லிமீட்டர் நுரைப்பலகை ஒட்டினால்? அந்த நான்கின் வழியாகப் போவது 82 வாட்டிலிருந்து 21 வாட்டாகக் குறையும். முன்கண்ணாடியும் மூடியும் அப்படியே இருந்தால் அவற்றின் வழியாக ஒரு 55 வாட். ஆக மொத்தம் 76 வாட். இப்போது 100 வாட் விளக்குக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. 18 மில்லி மரப்பலகை கண்ணாடிக்கும் நுரைக்கும் நடுவில் வரும். கண்ணாடி விடும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கும். மோசமில்லை, ஆனால் மரப்பெட்டிக்கும் வெளியே நுரை ஒட்டினால் நல்லதுதான்.

இது ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை. காசிமேட்டில் மீனை ஐஸோடு போட்டு மூடும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அது வெளிச் சூட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது. நாம் உள்சூட்டை வெளியே விடாமல் பார்க்கிறோம். பெட்டிக்கு எந்தப் பக்கம் சூடு என்று தெரியாது.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது: நுரை எப்போதும் பெட்டிக்கு வெளியே. உள்ளே ஒட்டினால் தீனிக்காக விடும் வெட்டுக்கிளிகள் அதைக் கொறிக்கும், ஓணான் அந்தத் துணுக்கை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். விளக்குக்கும் நுரைக்கும் நடுவே தாராளமான இடைவெளி வேண்டும். வெறும் வெள்ளித்தாளை மட்டும் கண்ணாடியில் அழுத்தி ஒட்டுவது நிறைய பேர் செய்யும் வேலை. பளபளப்பான பரப்புக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பி அனுப்பும். ஒட்டி வைத்தால் அழகு மட்டும்தான் மிச்சம்.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் காசு செலவில்லாத காப்புதான். குளிர்ந்த காற்று தரையில் தேங்கும். அதனால் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், கதவு திறக்கும் வழியில் வேண்டாம். ஜன்னலோரமும் வேண்டாம். 'வெயில் படட்டுமே' என்று கண்ணாடிப் பெட்டியை ஜன்னலில் வைத்தால், வெயில் நேராக விழும் ஒரு மதியத்தில் அது அடுப்பாகிவிடும். குளிரில் மெல்ல வதங்கும் பிராணிக்கு நமக்கு அவகாசம் கிடைக்கும், சூட்டில் அடைபட்டதற்குக் கிடைக்காது.

பில் குறைய வேண்டுமென்றால் தெர்மோஸ்டாட்

நுரை ஒட்டிவிட்டு, விளக்கை முன்பு போலவே சுவிட்சில் போட்டு அணைத்தால் ஒரு பைசாகூட மிச்சமாகாது. 100 வாட் விளக்கு 100 வாட்டைத்தான் இழுக்கும். மாறுவது உள்ளே இருக்கும் வெப்பநிலை மட்டும். அதுவும் மார்ச், ஏப்ரலில் அறை சூடாகத் தொடங்கியதும் பெட்டிக்குள் 45, 50 என்று ஏறும். சூட்டைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும்.

போதும் என்கிற இடத்தில் மின்சாரத்தைக் குறைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. விளக்குக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை. செராமிக் ஹீட்டருக்குத் துடிப்பு துடிப்பாக மின்சாரம் விடும் பல்ஸ் வகை. ஹீட் மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். விளக்குக்கு ஆன்-ஆஃப் வகையைப் போட்டால் நாள் முழுக்கக் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும், பல்பும் சீக்கிரம் போய்விடும்.

முன்பு சொன்ன கணக்குப்படி 137 வாட்டுக்கும் 76 வாட்டுக்கும் நடுவே உள்ள சுமார் 60 வாட், தினமும் 12 மணி நேரத்துக்கு, மாதம் 21 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். 34 பென்ஸ் கணக்கில் ஏழு பவுண்டு. ஐந்து மாதக் குளிர்காலத்துக்கு 35 பவுண்டைத் தாண்டும். நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பெட்டியிலிருந்து ஓடும் சூடு காணாமல் போவதில்லை, அது உங்கள் அறையைத்தான் சூடாக்குகிறது. அறையையே மின்சார ஹீட்டரால் சூடாக்குபவர்களுக்கு மிச்சம் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். பிரிட்டன் மாதிரி எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் இடத்தில், அப்போது எரிவாயு யூனிட் சுமார் 10 பென்ஸ்தான் என்பதால், 34 பென்ஸ் மின்சாரத்தில் அறையைச் சூடாக்குவது நஷ்டம்.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனை எங்கே இருக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அது நழுவித் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால், 'ஐயோ குளிருதே' என்று தெர்மோஸ்டாட் விளக்கை முழு வேகத்தில் எரியவிடும். கேபிளை இறுக்கிக் கட்டி, ஓணான் இழுக்க முடியாத இடத்தில் பொருத்த வேண்டும். நண்பனின் முள் தெர்மாமீட்டர் இப்போது குப்பைத் தொட்டியில். காற்றின் சூட்டுக்கு இரு முனையிலும் இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், கல்லின் சூட்டுக்கு இன்ஃப்ராரெட் துப்பாக்கி. இவ்வளவு போதும்.

உலகம் வேண்டாமென்ற பல்பு

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகவே போகிறது என்பதுதான் அதன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் தொடங்கிப் படிப்படியாக அதை ஓரங்கட்டியது, 2018-இல் பெரும்பாலான ஹாலஜன் பல்புகளையும். பிரிட்டன் 2021-இல் ஹாலஜனுக்குத் தடை கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2023 ஆகஸ்ட் முதல் ஒரு வாட்டுக்கு 45 லூமன் வெளிச்சம் தராத சாதாரண பல்புகளை விற்க முடியாது. ஓணான் வளர்ப்பவருக்கோ அந்த 'வீண்' சூடுதான் வேண்டியது. எல்இடி பல்பைப் போட்டால் வெளிச்சம் வரும், வெயில் வராது.

ஹாலஜன் ஃப்ளட் விளக்கின் அகச்சிவப்புக் கதிர் தோலுக்குக் கீழேயும் இறங்கும். வெயில் காய்வதற்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான். அதனால் பகலுக்கு இது. ராத்திரி அறை 16, 17-க்குக் கீழே போகும் வீடுகளில் வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும் என்பதால் பீங்கான் ஹோல்டரும் சுற்றிலும் கம்பிக் கூண்டும் இல்லாமல் மாட்டவே கூடாது. ராத்திரிக்கென்று விற்கும் சிவப்பு பல்பு வேண்டாம், ஓணானின் கண்ணுக்குச் சிவப்பும் தெரியும், தூக்கம் கெடும்.

அடியில் வைக்கும் ஹீட் மேட் காற்றைச் சூடாக்காது, தொடும் இடத்தை மட்டும் சுடும். மேலிருந்து வரும் சூட்டுக்கு விலகத் தெரிந்த பல்லிகள், வயிற்றுக்குக் கீழே தோல் வெந்துகொண்டிருந்தாலும் அப்படியே படுத்துக் கிடப்பதுண்டு. மேட்டின்மேல் மணலைக் கனமாகக் கொட்டினால் சூடு மேலே வர வழியில்லாமல் அடியிலேயே சேர்ந்து கண்ணாடி விரிசல் விடவும் கூடும். மேட்டுக்குக் கீழே நுரைப்பலகை வைப்பவர்கள் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல்லைப் பற்றி ஒரே வார்த்தை: வாங்காதீர்கள்.

சாதாரணக் கல் வாங்கலாம். தரைக்குப் போடும் தட்டையான கடப்பா, ஸ்லேட் மாதிரிக் கற்களை விளக்குக்குக் கீழே அடுக்கினால் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டுக்கொண்டிருக்கும். மொட்டைமாடித் தரை ராத்திரி எட்டு மணிக்கும் கால் சுடுவதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாப் பக்கமும் சூடானால் அதுவும் தோல்விதான்

நுரை ஒட்டிய உற்சாகத்தில் நண்பன் ஒரு வாரம் கழித்து முன்கண்ணாடியிலும் ராத்திரிப் போர்வை, மேலே மிச்சமிருந்த திறப்பையும் மூடல் என்று இறங்கினான். எதிர்முனை 31 டிகிரி. விளக்கின் கீழ் 42. ஓணான் இப்போது குளிர்ந்த மூலையில் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் காலையில் வேர்வை.

ஊர்வன தங்கள் வெப்பத்தை நடந்து நடந்துதான் சரிசெய்துகொள்கின்றன. சூடு வேண்டுமா, இந்த முனை. போதுமா, அந்த முனை. பெட்டி முழுக்க ஒரே சூடென்றால் அதற்குத் தேர்வே இல்லை. பியர்டட் டிராகனுக்கு விளக்கின் கீழ் 38 முதல் 42, எதிர்முனை 22 முதல் 26. பெட்டி சிறியதென்றால் எவ்வளவு நல்ல காப்பு போட்டாலும் இந்த வித்தியாசம் வராது. நீளம்தான் இங்கே உண்மையான ஆடம்பரம். காற்று மாறாவிட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சையும் மூச்சுக்குழாய்த் தொற்றும் வரும். அதனால்தான் மரப்பெட்டிகளில் ஒரு முனையில் தாழ்வாகவும் மறுமுனையில் உயரமாகவும் காற்றுத் துளைகள் வைக்கிறார்கள். காற்று மெல்ல நகரும், சூடு மொத்தமாக ஓடாது.

போர்வை போனது. மேலே இருந்த பட்டைத் திறப்பு திரும்பி வந்தது. இப்போது அங்கே 40 - 25.

நம்ம ஊரில் இது தேவையா?

சென்னையில் மே மாதம் ஊர்வனவற்றைக் குளிரவைப்பதுதான் கஷ்டம். ஊட்டி, கொடைக்கானல், டிசம்பர் பெங்களூரு என்றால் மேலே சொன்னவை பொருந்தும். ஆனால் அதற்கு முன்னால் சட்டம். நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு உட்பட நம் நாட்டு வன ஊர்வனவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எவ்வளவு நல்ல பெட்டி கட்டினாலும் குற்றம்தான். பால் பைத்தான் போல 'சைட்டிஸ்' பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 2024-இல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியா தன் வன ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் பியர்டட் டிராகன்கள் பெட்டிகளிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள்.

கரண்ட் போனால்?

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாகாணத்தில் பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதே நாட்களில் சவுத் பாட்ரே தீவில் குளிரில் விறைத்துப்போன ஆயிரக்கணக்கான கடல் ஆமைகளைத் தன்னார்வலர்கள் தூக்கிவந்து மாநாட்டு மண்டபத் தரையில் வரிசையாக அடுக்கினார்கள். உள்ளே அடுப்பில்லாத உடம்புக்குக் குளிர் என்ன செய்யும் என்பதை அந்தப் படங்கள் காட்டின.

வீட்டுப் பெட்டி விஷயத்தில் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆரோக்கியமான, வளர்ந்த பியர்டட் டிராகன் ஒரு ராத்திரி 15, 16 டிகிரியைத் தாங்கும். காப்பு போட்ட பெட்டி, உள்ளே கனமான கற்கள் என்றால் சூடு இறங்கவும் நேரமெடுக்கும். மின்சாரம் போனதும் மேல் திறப்பை மூடி, பெட்டியைச் சுற்றிப் போர்வை போடலாம். விளக்கு அணைந்திருக்கும்போது மட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள், நடுராத்திரி கரண்ட் வந்து விளக்கு எரிந்தால் போர்வை பற்றிக்கொள்ளும். நீண்ட நேரம் ஆகுமென்றால் பக்கத்தில் துளை போட்ட தெர்மாகோல் பெட்டி, துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில், நடுவே ஓணான். பாட்டிலை அது நேராகத் தொடக் கூடாது. அறையைச் சூடாக்கக் கரி அடுப்பு, கேம்ப் ஸ்டவ் எதையும் உள்ளே ஏற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஓணானுக்கு முன்னால் உங்களைக் கொன்றுவிடும்.

அந்த நேரத்தில் 'பாவம், பசிக்குமே' என்று தீனி வைக்கவும் கூடாது. சூடில்லாத வயிற்றில் அது செரிக்காது, அழுகும். மின்சாரம் வந்து, கல் சூடாகி, ஓணான் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகுதான் முதல் வெட்டுக்கிளி.